உதவி: இன்வாய்ஸ் டோட்டல்ல "என்ஏஎன்" (இது நம்பர் இல்லன்னு அர்த்தம்) வருது, செக்கிங் எல்லாம் எக்ஸ்எஸ்எல்டிலயே வைக்கணுமா?

தூங்காநகரம்: வணக்கம் மக்களே, சப்ளையர்ங்க அனுப்புற இன்வாய்ஸ் எக்ஸ்எம்எல்லை எக்ஸ்எஸ்எல்டி 1.0 (எக்ஸ்எம்எல்லை வேற வடிவத்துக்கு மாத்துற லாங்வேஜ்) வச்சு எச்டிஎம்எல் ஆக்குறேன், எக்ஸ்எஸ்எல்டிப்ராக்ங்கற கமாண்ட்ல ஓடுது. சில ஃபைல்ல டோட்டல் இடத்துல என்ஏஎன்னு வந்து நிக்குது, சிலதுல ஜிஎஸ்டி நம்பர் கட்டமே காலி, எரர்னு ஒண்ணும் காட்டல. சரின்னு ஒவ்வொரு டெம்ப்ளேட்லயும் சூஸ், வென்னு நிபந்தனை போட்டு செக் பண்ண ஆரம்பிச்சேன், 200 வரில இருந்த ஸ்டைல்ஷீட் (எக்ஸ்எஸ்எல்டி ஃபைல்) இப்ப 900 வரி, எது டிசைன் எது செக்கிங்னு எனக்கே தெரியல. இப்படித்தான் பண்ணுவாங்களா?

டீ_பிரேக்: அமௌன்ட்ல கமா இருக்கா பாருங்க

தூங்காநகரம்: ஆமா ஜி! ஒருத்தர் 1,25,000.00 னு அனுப்புறாரு

பழைய_கீபோர்ட்: அதான். கமாவோட வந்தா எக்ஸ்பாத் 1.0க்கு (எக்ஸ்எஸ்எல்டிக்குள்ள டேட்டாவை எடுத்து கணக்கு போடுற பாகம்) அது நம்பரே இல்ல, என்ஏஎன். சம்ல ஒரு லைன் அப்படி இருந்தாலும் மொத்த டோட்டலும் போச்சு. டேக்கே இல்லன்னாலும் அது கத்தாது, காலி ஸ்ட்ரிங்னு எடுத்துட்டு போயிட்டே இருக்கும். டேட் இன்னும் மோசம், 2024-03-31 மாதிரி ரெண்டு டேட்டை சின்னது பெருசுன்னு கம்பேர் பண்ணா ரெண்டையும் நம்பராக்கப் பார்த்து ரெண்டும் என்ஏஎன் ஆகி எப்பவும் ஃபால்ஸ் தான், "கெடு தாண்டிய பில்"னு ஒரு பிளாக் வச்சிருந்தீங்கன்னா அது இதுவரைக்கும் ஒரு தடவைகூட பிரிண்ட் ஆயிருக்காது. 1999ல வந்த லாங்வேஜ், பக்கம் பாதியிலயே நிக்கக்கூடாதுன்னு அப்படி வச்சுட்டாங்க.

அதனால வாசல்லயே நிறுத்துங்க தம்பி. எக்ஸ்எஸ்டி (எக்ஸ்எம்எல்ல எது எப்படி இருக்கணும்னு சொல்ற ஸ்கீமா ஃபைல்) ஒண்ணு எழுதி அமௌன்ட்டை டெசிமல், டேட்டை டேட்னு வைங்க, எக்ஸ்எம்எல்லின்ட்ங்கற செக்கிங் கமாண்ட்ல ஸ்கீமா ஆப்ஷன் குடுத்து ஓட்டுங்க, வரி நம்பரோட சொல்லும். பாஸ் ஆனா மட்டும் எக்ஸ்எஸ்எல்டிக்கு போகட்டும். ஒண்ணு கவனம், ஜிஎஸ்டி நம்பரை வெறும் ஸ்ட்ரிங்னு விட்டா காலி டேக்கும் பாஸ் ஆயிடும், நீளம் 15ன்னு கட்டாயம் போடுங்க.

ராத்திரி_ஷிப்ட்: இது பாதி தான் அண்ணா. லைன் எல்லாம் கூட்டினா கிராண்ட் டோட்டல் வருதான்னு எக்ஸ்எஸ்டி 1.0 பாக்காது. 1.1ல அசெர்ட்னு நிபந்தனை எழுதுற வசதி வந்துச்சு, ஆனா எக்ஸ்எம்எல்லின்ட்டுக்கு 1.1 தெரியாது. அதுக்கு ஸ்கீமட்ரான்ங்கற ரூல் லாங்வேஜ் தான், ரூல் எல்லாம் எக்ஸ்பாத்லயே எழுதலாம், வழக்கமா அதையே எக்ஸ்எஸ்எல்டியா மாத்தித்தான் ஓட்டுவாங்க. அதனால எக்ஸ்எஸ்எல்டில செக் பண்றதே தப்புன்னு நான் சொல்ல மாட்டேன், டேபிள் வரையுற ஃபைலுக்குள்ள அதைக் கலக்காதீங்கன்னு தான் சொல்றேன். கூட்டுறப்ப நூறால பெருக்கி ரவுண்ட் பண்ணி பைசால கம்பேர் பண்ணுங்க, இல்லன்னா தசமத்துல கடைசி இலக்கம் உதைச்சு நல்ல பில்லையும் தள்ளிவிடும்.

டீ_பிரேக்: சாக்ஸன்னு இன்னொரு எக்ஸ்எஸ்எல்டி சாஃப்ட்வேர் இருக்கே, அதுல ஸ்டைல்ஷீட்டுக்குள்ளயே ஸ்கீமா இம்போர்ட் பண்ணலாமே?

ராத்திரி_ஷிப்ட்: காசு குடுத்து வாங்குற எடிஷன்ல தான் ஜி, எச்ஈன்னு வர்ற ஃப்ரீ எடிஷன்ல கிடையாது

தூங்காநகரம்: எக்ஸ்எஸ்டி எழுதி ஓட்டிப் பாத்தேன், கமா ஆளு மாட்டுனாரு, கூடவே டேட்டை 31/03/2024ன்னு போடுற இன்னொருத்தரும் மாட்டுனாரு 😅 900 வரில செக்கிங் எல்லாத்தையும் தூக்கிட்டேன். கமாவை மட்டும் ட்ரான்ஸ்லேட் ஃபங்ஷன் போட்டு எடுத்துட்டு உள்ள விட்டா என்ன?

பழைய_கீபோர்ட்: வேணாம். நாளைக்கு ஜெர்மனி சாஃப்ட்வேர் ஒண்ணு 1.250,00 னு அனுப்பும் (அங்க கமா தான் தசமப் புள்ளி), கமாவை எடுத்தா ஆயிரத்து இருநூத்தம்பது ஒண்ணேகால் ஆயிடும், ஸ்கீமாவும் ஓகேன்னு விட்டுடும்.

தூங்காநகரம்: ஐயோ. சரி அண்ணா, திருப்பி அனுப்பிடுறேன், அக்கவுண்ட்ஸ் அக்கா கிட்ட திட்டு வாங்குறது தான் பாக்கி