கையா தரவு: எஸ்கியூலைட்டில் வினவல் நகர மறுக்கிறது, விடையும் பொருந்தவில்லை

வான்நோக்கி:
வணக்கம். விண்மீன்களின் இடத்தையும் தொலைவையும் அளந்த கையா விண்கலத்தின் மூன்றாம் தரவு வெளியீட்டிலிருந்து (2022 ஜூன்) கார்த்திகை விண்மீன் கூட்டமும் அதைச் சுற்றிய பெரும்பரப்பும் அடங்கிய சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) கோப்புகளை இறக்கி எஸ்கியூலைட் என்ற தரவுத்தள மென்பொருளில் ஏற்றியிருக்கிறேன். ஏறத்தாழ 10 கோடி வரிசைகள், 152 நெடுவரிசைகளும் அப்படியே. மடிக்கணினியின் நினைவகம் 16 ஜிபி. இடமாறு (பூமி சூரியனைச் சுற்றுவதால் விண்மீன் இடம் மாறித் தெரியும் கோணம்; பெரிதானால் விண்மீன் அருகில்) 7 மில்லி ஆர்க்விநாடிக்கு மேல் உள்ள விண்மீன்களைக் கேட்டால், சமைத்துச் சாப்பிட்டு வந்தாலும் ஓடிக்கொண்டே இருக்கிறது. இன்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் பட்டியல்) போட்டும் பலனில்லை. ஒருவழியாக வந்த விடையில் கோடிக்கணக்கில் வரிசைகள்! 7-க்கு மேல் என்றால் 143 பார்செக் தொலைவுக்குள்தான்; அதற்குள் இத்தனை விண்மீன்களுக்கு ஏது இடம்? எல்லைகளை மாற்றி மாற்றி வரைபடம் பார்க்க வேண்டும். புதுக் கணினி வாங்கத்தான் வேண்டுமா?

நெடுவரிசை:
வாங்க வேண்டாம். முதலில் இடமாறு நெடுவரிசையில் டைப்ஆஃப் (மதிப்பு எண்ணா உரையா என்று சொல்லும் கட்டளை) போட்டு வகைவாரியாக எண்ணிப் பாருங்கள். உரை என்று ஒரு பெருங்கூட்டம் வரும்.

கையாவின் சிஎஸ்வியில் மதிப்பு இல்லாத இடம் வெற்றாக இருக்காது. 'நல்' (null) என்ற ஆங்கிலச் சொல்லே எழுதப்பட்டிருக்கும். மொத்தமுள்ள 181 கோடிப் பொருள்களில் சுமார் 34 கோடிக்கு இடமாறே கிடையாது. நெடுவரிசையை எண் வகை என்று அறிவித்திருந்தாலும் எஸ்கியூலைட் அந்தச் சொல்லை உரையாகவே வைத்துக்கொள்ளும். அதன் கணக்கில் எந்த உரையும் எந்த எண்ணையும்விடப் பெரியது. ஆகவே "7-க்கு மேல்" என்றதும் இடமாறு இல்லாத அத்தனையும் உள்ளே வந்துவிடுகின்றன. இன்டெக்ஸ் உதவாததற்கும் இதுவே காரணம்.

வான்நோக்கி:
எண்ணிப் பார்த்தேன், நீங்கள் சொன்னபடியே உரை வகை குவிந்து கிடக்கிறது. அதை வெற்றாக்கிவிட்டால் வேகமும் வந்துவிடுமா?

நெடுவரிசை:
இந்த வினவலுக்கு ஓரளவு வரும். வேறு நிபந்தனை போட்டால் பழைய கதைதான். எஸ்கியூலைட் வரிசை வரிசையாகச் சேமிப்பது. மூன்று எண்களுக்காக 152 நெடுவரிசைகளையும் வட்டிலிருந்து இழுக்கும். கேட்ட நெடுவரிசைகளை மட்டும் படிக்கும் டக்டிபி என்ற தரவுத்தளத்தை நிறுவுங்கள். சுருக்கிய சிஎஸ்வியை அது நேரடியாகவே படிக்கும். குறிப்பு வரிகளின் தொடக்கம் '#' என்றும், வெற்று மதிப்பு 'null' என்றும் சொல்லிவிட வேண்டும். அடையாள எண், ஆயங்கள், இடமாறு, தனி இயக்கம் (வானில் விண்மீன் ஆண்டுதோறும் நகரும் அளவு), பொலிவு, நிறம், ரேண்டம் இண்டெக்ஸ் (ஒவ்வொரு பொருளுக்கும் தற்செயலாகத் தந்த வரிசை எண்) ஆகியவற்றை மட்டும் பார்க்கே கோப்பாக (நெடுவரிசை வாரியாகச் சேமிக்கும் வடிவம்) எழுதுங்கள். மற்றவை இப்போதைக்கு வேண்டாம்.

இரவுக்காவலர்:
ஒன்றைச் சேர்க்கிறேன். பார்க்கே எழுதும்போது அடையாள எண்ணின் ஏறுவரிசை குலையக் கூடாது. அந்த எண்ணை 34359738368-ஆல் வகுத்தால் வானத்தின் எந்தக் கட்டம் என்பது கிடைக்கும். அதனால் வானில் அருகருகே உள்ளவை கோப்பிலும் பெரும்பாலும் அருகருகே அமையும். டக்டிபி இயல்பாக 1,22,880 வரிசைகளை ஒரு தொகுதியாக்கி, ஒவ்வொன்றின் சிறும, பெரும மதிப்புகளைக் குறித்துவைக்கும். நீங்கள் கேட்கும் பரப்பு ஒரு தொகுதியில் இல்லையென்றால் அதைத் திறக்கவே திறக்காது.

ரேண்டம் இண்டெக்ஸ் 1.8 கோடிக்குக் குறைவானவற்றை மட்டும் கேட்டால் நூற்றில் ஒன்று வரும். நிறம்–பொலிவு வரைபடத்தின் அச்சுகளைச் சரிசெய்ய அது போதும். கார்த்திகை அதில் தேறாது. அதற்கு முழுத் தரவில் இடமாறு 6.9 முதல் 7.9 வரை என்று கேளுங்கள்.

வான்நோக்கி:
மாற்றிவிட்டேன். எல்லையை மாற்றிய கையோடு வரைபடம் வருகிறது. தனி இயக்க வரைபடத்தில் ஆண்டுக்குக் கிழக்கே 20, தெற்கே 45 மில்லி ஆர்க்விநாடி அருகே கார்த்திகை திட்டாகத் தனியே நிற்கிறது. நன்றி. பழைய எஸ்கியூலைட் கோப்பை அழித்துவிடலாம் அல்லவா?

நெடுவரிசை:
அழியுங்கள். மூல சிஎஸ்வியை மட்டும் வைத்திருங்கள். பிழை அளவு நெடுவரிசைகள் நாளைக்கே தேவைப்படும்.