புதுப்பிப்பு: தம்பி வீட்டுக்கு வந்துவிட்டான்

கேரளாவின் கொழிஞ்சாம்பாறையில் அடிதடி வழக்கில் கைதான தம்பிக்கு ஜாமீன் கிடைத்தும், பொள்ளாச்சிக்காரர் என்பதால் பெரியப்பாவின் பிணையை கோர்ட்டில் ஏற்கவில்லை என்று போன வாரம் புலம்பியிருந்தேன் அல்லவா? நேற்று சாயங்காலம் வந்துவிட்டான்.

வக்கீல் உச்ச நீதிமன்றத்தின் 1978ஆம் ஆண்டு மோத்தி ராம் தீர்ப்பை எடுத்து நீட்டினார். சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்பதற்காகப் பிணைதாரரைத் தள்ளக் கூடாது என்கிறது அது. எழுதியவர் நீதிபதி கிருஷ்ணய்யர், நம்ம பாலக்காட்டுக்காரர்தான்! சரி, அப்புறமும் அரை நாள் போனது: பட்டாவில் இருந்த இனிஷியல் ஆதாரில் இல்லை. பெரியப்பா மஞ்சப்பையைக் கொட்டி ரேஷன் கார்டைத் தேடினார்.

பெரியப்பா பணம் கட்டினாரா என்று கேட்டவர்களுக்கு: பிணை நிற்பவர் முன்பணம் கட்டவில்லை. தம்பி வாய்தாவுக்குப் போகாவிட்டால்தான் பிணைப் பத்திரத்தில் எழுதிய தொகைக்குப் பெரியப்பா மாட்டுவார். அடுத்த வாய்தாவுக்கு நானே கூட்டிப் போகிறேன்.