சினைப்பைப் புற்றுநோய்க்குக் கருக்குழாயை ஏன் எடுக்க வேண்டும்?

கேள்வி (கோத்தகிரி):
என் அம்மாவும் பெரியம்மாவும் சினைப்பைப் புற்றுநோயால் இறந்தார்கள். எனக்கு 38 வயது, இரண்டு பிள்ளைகள். இந்தப் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டும் பி.ஆர்.சி.ஏ.1 மரபணுப் பிறழ்வு எனக்கும் இருப்பது பரிசோதனையில் தெரிந்துவிட்டது. ஸ்கேனில் ஒரு குறையும் இல்லாதபோதும், கோயம்புத்தூர் மருத்துவர் சினைப்பைகளோடு கருக்குழாய்களையும் எடுத்துவிடச் சொல்கிறார். நோய் வருவது சினைப்பையில்தானே, குழாயை ஏன் தொட வேண்டும்? ஆண்டுதோறும் மலையிறங்கிப் போய் ஸ்கேன் எடுத்துக்கொண்டால் போதாதா?

பதில் (குன்னூர், நோய்க்குறியியல் மருத்துவர்):
சகோதரி, சினைப்பைப் புற்றுகளில் மிகுதியாகக் காணப்படுவதும் வேகமாகப் பரவுவதுமான சீரஸ் வகை, பெரும்பாலும் சினைப்பையில் தொடங்குவதே இல்லை. 2001இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள், உங்களைப் போல மரபுவழி ஆபத்து உள்ள பெண்களிடமிருந்து முன்னெச்சரிக்கையாக அகற்றிய கருக்குழாய்களில் புற்றுக்கு முந்தைய மாற்றங்களைக் கண்டார்கள். சினைப்பையை ஒட்டி விரல்களாக விரியும் குழாய் நுனியில்தான் அவை மிகுதி. அங்குள்ள சுரப்புச் செல்களில் முதலில், செல் பெருக்கத்தைக் கட்டுக்குள் வைக்கும் டிபி53 மரபணு பழுதாகிறது. பிறகு அவை ஒழுங்கு குலைந்து பெருகி, நாங்கள் ‘ஸ்டிக்’ என்று குறிப்பிடும் நிலையை அடைகின்றன. அங்கிருந்து உதிரும் செல்கள் சினைப்பையிலும் வயிற்று உறையிலும் ஒட்டி வளர்கின்றன. ஸ்டிக் புற்றாக மாற ஏறக்குறைய 7 ஆண்டுகள் ஆகலாம் என்று 2017இல் ஒரு மரபணு ஆய்வு கணித்தது. கண்ணுக்கே தெரியாத இந்த மாற்றத்தை ஸ்கேனோ சிஏ125 இரத்தப் பரிசோதனையோ காட்டாது. ஆகவே ஸ்கேனை நம்பிக் காத்திருக்காதீர்கள். பி.ஆர்.சி.ஏ.1 பிறழ்வு உள்ளவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 40 பேருக்கு வாழ்நாளில் இந்நோய் வருகிறது என்பதால்தான், பிள்ளைப்பேறு முடிந்தபின் 35 முதல் 40 வயதுக்குள் அறுவையைச் செய்யச் சொல்கிறார்கள்.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஆய்வகத்துக்குப் போகும் படிவத்தில் உங்கள் மரபணு முடிவை மருத்துவர் எழுத வேண்டும். அதைப் பார்த்தால்தான் நாங்கள் குழாய் முழுவதையும் 2 அல்லது 3 மில்லிமீட்டர் துண்டுகளாக அறுத்து, நுனியை மட்டும் நீளவாக்கில் வெட்டி, எல்லாவற்றையும் நுண்ணோக்கியில் பார்ப்போம். குறிப்பில்லாவிட்டால் ஓரிரு துண்டுகளோடு நின்றுவிடக்கூடும்.

பதில் (கூடலூர்):
எனக்கும் இதே அறுவை நடந்தது. மாதவிடாய் ஒரேயடியாக நின்று, உடல் கொதிப்பும் தூக்கமின்மையும் வந்தன. எலும்புத் தேய்மானம், ஹார்மோன் மருந்து பற்றி அறுவைக்கு முன்பே பேசிவிடுங்கள், அக்கா. குழாயை மட்டும் இப்போது எடுத்துவிட்டு, சினைப்பையைப் பிறகு எடுக்க வழியுண்டா, டாக்டர்?

பதில் (குன்னூர், நோய்க்குறியியல் மருத்துவர்):
அதைச் சோதிக்கும் ஆய்வுகள் நடக்கின்றன, பி.ஆர்.சி.ஏ.1 உள்ளவருக்கு இரண்டையும் எடுப்பதே இன்றைய பரிந்துரை. மரபுவழி ஆபத்து இல்லாதவர்களுக்குச் சினைப்பையை விட்டுவிட்டுக் குழாயை மட்டும் எடுக்கலாம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், கருப்பை அகற்றும்போதும் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவையின்போதும் குழாய்களை முழுவதுமாக எடுக்கும்படி 2010இலேயே மருத்துவர்களுக்குப் பரிந்துரைத்தார்கள். நம் ஊரில் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைக்குப் போகும் பெண்களும் இதைத் தங்கள் மருத்துவரிடம் கேட்கலாம்.