அம்மாவின் ஃபேஸ்லிஃப்ட் அறுவை சிகிச்சை: அனுபவம் உள்ளவர்களின் ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். திருமங்கலத்தில் வசிக்கும் என் அம்மாவுக்கு (வயது 61) வரும் சித்திரையில் மதுரையில் ஃபேஸ்லிஃப்ட் (தொய்ந்த முகத் தோலை இழுத்து இறுக்கும்) அறுவை சிகிச்சை நடக்க இருக்கிறது. இந்த வயதில் எதற்கு என்று உறவினர்கள் கேட்கிறார்கள். இது அவருடைய நெடுநாள் விருப்பம், அதுவே எனக்குப் போதும்.

வீக்கமும் கன்றிப்போன நிறமும் இரண்டு வாரங்களில் பெருமளவு குறையும் என்றும், காதோரம் மரத்துப்போன உணர்வு சில மாதங்கள்கூட நீடிக்கலாம் என்றும் மருத்துவர் விளக்கினார். ஆனால் அம்மாவுக்கு இரத்த அழுத்தம் இருப்பதால், முதல் 24 மணி நேரத்தில் தோலுக்கடியில் இரத்தம் தேங்கிவிடுமோ என்பதே என் பெரிய கவலை. ஒரு பக்கம் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் உடனே வரச் சொல்லியிருக்கிறார்கள் என்பதால், முதல் சில இரவுகள் மதுரையிலேயே தங்குவது நல்லதா? தலையை உயர்த்தியே எப்படி உறங்க வைத்தீர்கள், வெயிலிலிருந்து தழும்பை எப்படிக் காத்தீர்கள் என்று அனுபவப்பட்டவர்கள் எழுதினால் பேருதவியாக இருக்கும்.