என் ஓட்டு சிகாகோவின் டூ-ஃப்ளாட்டுக்கு

அமெரிக்க நகரங்களின் வீட்டு வகைகளில் பிடித்தது எது என்ற கேள்விக்கு, சான்பிரான்சிஸ்கோவின் வண்ண விக்டோரியன் (19-ஆம் நூற்றாண்டுப் பாணி) வீடுகளையும் நியூயார்க் புரூக்ளினின் பிரவுன்ஸ்டோன்களையும் (பழுப்புக்கல் முகப்புள்ள வரிசை வீடுகள்) பற்றி மேலே நிறையப் பேர் எழுதிவிட்டீர்கள். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் எனக்குப் பிடித்தது சிகாகோவின் டூ-ஃப்ளாட், அதாவது தளத்துக்கு ஒன்றாக இரண்டு குடித்தனம் உள்ள வீடு. அங்கே வேலை பார்த்த காலத்தில் அப்படியொரு வீட்டின் மாடியில்தான் குடியிருந்தேன். கீழே வீட்டுக்கார அம்மா, போலந்துக் குடும்பத்தில் பிறந்தவர்.

சிகாகோவில் வழக்கமான மனை 25 அடி அகலம், 125 அடி நீளம். அதற்குள் மேலே ஒரு குடித்தனம், கீழே ஒரு குடித்தனம், இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே அமைப்பு. போன நூற்றாண்டின் தொடக்கத்தில் போலந்துக்காரர்களும் செக்குகளும் கடனை உடனை வாங்கி இப்படி வீடு பிடித்தார்கள். ஒரு தளத்தில் தாங்கள் இருந்துகொண்டு மற்றதை வாடகைக்கு விடுவார்கள். தவணை கட்ட அந்த வாடகை கைகொடுக்கும். கூலி வேலைக்காரனும் சொந்த வீட்டுக்காரன் ஆக முடிந்தது இந்தக் கணக்கால்தான்.

1871 பெருந்தீக்குப் பிறகு மரவீடுகளுக்குக் கட்டுப்பாடு வந்ததால் பெரும்பாலும் செங்கல் கட்டடம்தான். அதிலும் ஒரு வேடிக்கை. தெருவைப் பார்த்த முகப்பில் மட்டும் இந்தியானா சுண்ணாம்புக்கல்லோ வழவழப்பான செங்கல்லோ இருக்கும். பக்கத்துச் சந்தில் நுழைந்தால் கரடுமுரடான மலிவுச் செங்கல். காசு எங்கே போனதென்று சுவரே சொல்லிவிடும்!

கோடையில் எல்லோரும் பின்பக்க மரப் போர்ச்சில்தான், அதாவது திறந்த தாழ்வாரத்தில். வீட்டுக்கார அம்மா தக்காளிச் செடிக்குத் தண்ணீர் விட்டபடியே அண்ணாந்து பார்த்து ஊர்க்கதை பேசுவார். ஆனால் அதில் கூட்டம் சேர்த்தால் ஆபத்து. 2003-இல் லிங்கன் பார்க் பகுதியில் விருந்து நடந்த ஒரு கட்டடத்தின் போர்ச் சரிந்து 13 பேர் இறந்தார்கள்.

குறை இல்லாமலா? விடிகாலையில் அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் டங் டங்கென்று தட்டும். கீழே வெங்காயம் வதக்கினால் மேலே என் சட்டை மணக்கும். ஆனாலும் அறைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் இருக்கும் நியூ ஆர்லியன்ஸ் ஷாட்கன் வீட்டுக்கு இது எவ்வளவோ மேல். அங்கே நண்பர் வீட்டில் தங்கியபோது, நடைவழி என்று ஒன்று இல்லாததால், சமையலறைக்குப் போக அவர்கள் படுக்கையறையைத் தாண்ட வேண்டியிருந்தது.

இப்போது வசதியான பகுதிகளில் டூ-ஃப்ளாட்டை வாங்கி, இரண்டு தளத்தையும் சேர்த்து ஒரே வீடாக்கிவிடுகிறார்கள். ஒரு வாடகை வீடு போச்சு. எனக்கு இதில் எரிச்சல்தான்.

சரி, மில்வாக்கி நகரத்துக்காரர்கள் யாராவது இருக்கிறீர்களா? மரவீட்டை அப்படியே உயர்த்தி, அடியில் இன்னொரு குடித்தனம் சேர்க்கும் ‘போலிஷ் (போலந்து) ஃப்ளாட்’ அங்கே உண்டே. அதில் குடியிருந்தவர்கள் எழுதுங்கள்.