புதுப்பிப்பு: பழைய டேப் டிரைவும் பேக்கப் மென்பொருளும்

காந்த நாடாவில் தரவைச் சேமிக்கும் பழைய எல்டிஓ-5 (LTO-5) டேப் டிரைவை மலிவாக வாங்கினேன், ஆனால் விண்டோஸில் அதை ஓட்டும் பேக்கப் மென்பொருளின் விலை டிரைவைவிடப் பல மடங்கு என்று முன்பு புலம்பியிருந்தேன் அல்லவா, அதன் தொடர்ச்சி இது.

தயாரிப்பு நிறுவனத்துக்கு எழுதினேன். ஆதரவுக் காலம் முடிந்துவிட்டதாம். டிரைவுக்குள்ளேயே ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரின் கோப்புக்குக்கூட ஒப்பந்தம் வேண்டுமாம். மென்பொருள் விற்பவர்களோ ஆண்டுச் சந்தாவைத்தான் நீட்டுகிறார்கள். வீட்டில் ஒரே ஒரு டிரைவ் வைத்திருப்பவன் அவர்கள் கணக்கிலேயே இல்லை.

சரி, கடைசியில் லினக்ஸ்தான் கைகொடுத்தது. டிரைவைக் கணினியோடு இணைக்கும் எஸ்ஏஎஸ் (SAS) கார்டைச் செருகியதும், லினக்ஸின் மையப் பகுதியான கர்னலில் உள்ள எஸ்டி (st) டிரைவரே டேப்பைக் கண்டுகொண்டது. எழுத, கோப்புகளை ஒன்றாகக் கட்டும் டார் (tar) கட்டளை போதும், காசு எதுவும் இல்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: எஸ்டி0 (st0) என்ற சாதனப் பெயரில் எழுதினால் வேலை முடிந்ததும் டேப் தொடக்கத்துக்கே சுற்றிக்கொள்ளும், அடுத்த பேக்கப் முந்தையதன் மேல் ஏறிவிடும். என்எஸ்டி0 (nst0) என்று கொடுத்தால் நின்ற இடத்திலேயே நிற்கும்.

2010-இல் எல்டிஓ-5-உடன் வந்த, டேப்புக்கான கோப்பு முறைமையான எல்டிஎஃப்எஸ்ஸும் (LTFS) இலவசம்தான். அதைப் போட்டால் 1.5 டெராபைட் டேப்பைப் பென் டிரைவ் போலத் திறந்து கோப்புகளை இழுத்துப் போடலாம். ஆனால் அழித்த கோப்பின் இடம், டேப்பை மறுபடி ஃபார்மேட் செய்யும்வரை திரும்பக் கிடைக்காது. (இதை விற்பனைத் தாளில் யாரும் பெரிய எழுத்தில் போடுவதில்லை.)

சின்னச் சின்னக் கோப்புகள் நிறைய இருந்தால் டிரைவ் நின்று நின்று ஓடுகிறது. இப்போதைக்கு இடையில், தரவைச் சேர்த்துவைத்துச் சீராக அனுப்பும் எம்பஃபர் (mbuffer) நிரலைப் போட்டுச் சமாளிக்கிறேன்.