முக்கோண எண்களை நீங்கள் எங்கே சந்தித்தீர்கள்?

கரும்பலகை:
எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் கணக்குச் சொல்லித்தருகிறேன். தீக்குச்சிக் கணக்கு ஒன்று எனக்கு ரொம்பப் பிடிக்கும். முதல் படத்தில் ஒரே முக்கோணம், 3 குச்சி. அடுத்ததில் அதன் கீழே ஒரு வரிசை சேரும், 9 குச்சி. பிறகு 18, 30. நூறாவது படத்துக்கு எத்தனை?

பிள்ளைகள் முதலில் வித்தியாசம்தான் பார்ப்பார்கள்: 6, 9, 12. பத்தாவது படம் வரை கூட்டிக்கொண்டே போகலாம், நூறு என்றால் கை ஓய்ந்துவிடும். ஒரு மாணவி எல்லாவற்றையும் மூன்றால் வகுத்து 1, 3, 6, 10 என்று எழுதி, "முக்கோண எண் சார்!" என்றாள். படத்தின் எண்ணை அதற்கடுத்த எண்ணால் பெருக்கிப் பாதியாக்கினால் வருவது அது. நூறாவதுக்கு 100 × 101 ÷ 2 = 5,050. மூன்றால் பெருக்கினால் 15,150 குச்சி.

சரி, ஏன் மூன்று? இதைக் கேட்காமல் நான் விடுவதில்லை. நிமிர்ந்து நிற்கும் சின்ன முக்கோணங்களுக்கு மட்டும் வண்ணம் தீட்டச் சொன்னேன். மேலிருந்து 1, 2, 3 என்று வரிசை கட்டி நின்றன. அவற்றில் எந்த இரண்டுக்கும் பொதுவான குச்சி கிடையாது. தலைகீழாகத் தெரியும் முக்கோணங்களுக்கோ சொந்தக் குச்சியே இல்லை, எல்லாம் பக்கத்து நிமிர்ந்த முக்கோணங்களுடையவை. ஆக, தலைக்கு மூன்று குச்சி, எதுவும் விடுபடவில்லை. அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை வித்தியாச அட்டவணை தந்திருக்காது. படத்தை எடுத்துவிட்டு எண்களை மட்டும் கொடுக்கும் வினாத்தாள்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

ஸ்ட்ரைக்கர்:
எனக்கு இது கேரம் போர்டில் கிடைத்தது. நடுவில் சிவப்பு, சுற்றி 6 காய், அதைச் சுற்றி 12. மொத்தம் 19. இன்னொரு செட்டைப் பிரித்து அடுத்த சுற்றும் வைத்தோம், 18 பிடித்தது, 37 ஆனது. சிவப்பை விட்டுவிட்டு எண்ணினால் 6, 18, 36. ஆறால் வகுத்தால் 1, 3, 6! உங்கள் மாணவி செய்ததேதான். காரணமும் பலகையிலேயே இருக்கிறது: உள்சுற்றில் ஒன்று, வெளிச்சுற்றில் இரண்டு என மும்மூன்று காய்களாகச் சேர்த்தால், சிவப்பைச் சுற்றிக் காற்றாடி இறக்கை மாதிரி ஆறு முக்கோணங்கள். முக்கோண எண்ணை ஆறால் பெருக்கி ஒன்று கூட்டினால் போதும். 7, 19, 37 மூன்றும் அடுத்தடுத்த கன எண்களின் வித்தியாசமாகவும் இருப்பது (8−1, 27−8, 64−27) இன்னும் அழகு.

அணில்பிள்ளை:
முக்கோணங்களையே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்? கி.பி. 499-ல் எழுதிய ஆரியபட்டீயத்தில் அதற்கும் வழி இருக்கிறது: அடுத்தடுத்த மூன்று எண்களைப் பெருக்கி ஆறால் வகுக்க வேண்டும். ஆரஞ்சுப் பழங்களை 15, 10, 6, 3, 1 என ஐந்தடுக்காக வைத்து எண்ணிப் பாருங்கள். 5 × 6 × 7 ÷ 6 = 35.

@கரும்பலகை, சதுரக் கட்டங்களாகக் குச்சி அடுக்கினால் 4, 12, 24, 40 வருகிறது, நான்கால் வகுத்தால் அதே வரிசை. இங்கே அந்த நான்கு முக்கோணங்களைப் படத்தில் எப்படிக் காட்டுவீர்கள்?